கருவை முள்

பாம்பனில் கரண்ட் போய் மூன்றாம் இரவு.
துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
ஐஸ் கம்பெனியில் மோட்டார் நின்று
கட்டிகள் தாமாகவே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன,
சாக்கடை வழியாக.
ஆபரேட்டருக்கு வேலை இல்லை.
ஆபரேட்டர் என்றால் நான்.

நம்புராஜன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தான்.
பின்னாலேயே பிரகாசி, நனையாத ஒரே பொருளாக
மிக்சர் பொட்டலத்தைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு.
"பெட்டியைத் திற" என்றாள்.

மண்டபத்தில், அபுதாகிரின் பழைய இரும்புக் கடையில்
தராசில் ஏறிவிட்ட பெட்டி.
எண்ணூறு கொடுத்து இறக்கினேன்.
வீட்டில் நானூறு என்று சொல்லியிருக்கிறேன்.
சுருள்வில்லுக்கு விசைப்படகு கிரீஸ்.
மைக்கா வட்டத்தைச் சுற்றிய ரப்பர் கல்லாகியிருந்தது,
சைக்கிள் டியூபை வெட்டிப் பொருத்தினேன்.
குழலுக்குள் ஒரு நண்டு, காய்ந்து.
நண்டு கம்பெனி சூப்பர்வைசர் பிரகாசி
அதைத் திருப்பிப் பார்த்து
"ரிஜெக்ட்" என்றாள்.

அரக்குத் தட்டுகள் பதினொன்று.
பதினொன்றாவதன் காகிதத்தைக் கரையான்
பெயர், ஊர், ராகம் என்று வரிசையாகத் தின்று
நடு ஓட்டையை மட்டும் விட்டிருந்தது.

அதில் ஒருத்தி பாடுகிறாள்.
மைக் வராத காலம். தகரப் புனலுக்குள் முகத்தை விட்டு
தூரத்துப் படகைக் கூப்பிடுகிற மாதிரி
கூப்பிடுகிறாள். சுருதி மட்டும் பிசகவில்லை.
ஆர்மோனியம் கதவுக்கு வெளியே எங்கோ.
நடுவில் ஒருவர் "பேஷ்" என்கிறார்,
அவருக்குச் சளி பிடித்திருக்கிறது.

இரண்டே கால் நிமிடத்தில் விரிசல்.
ஊசி அங்கே வந்தால்
"இன்னும்" என்பாள்.
இன்னும்
இன்னும்
நிமிடத்துக்கு எழுபத்தெட்டு இன்னும்.
சாவி தளரத் தளர
பெண்குரல் ஆண்குரலாகி
எருமைக்குரலாகி நிற்கும்.
ஒவ்வொரு தடவையும் நம்பு சிரிப்பான்.
ஒவ்வொரு தடவையும் பிரகாசி, "பாவம், விடுடா" என்பாள்.
இன்னும் என்ன என்பது
எங்கள் மூவருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஊசி டப்பாவும் காலி.
ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி தின்கிற பெட்டி இது.
நம்பு எழுந்து மழைக்குள் போனான்.
ஒன்றுக்குப் போகிறான் என்று நினைத்தோம்.
கொல்லை வேலியிலிருந்து
கருவை முள் ஒன்றை ஒடித்து வந்தான்.
ஊரே வெட்டித் தீராத முள்.
பிளேடால் சாய்வாகச் சீவினேன்,
திருகாணிக்குள் செருகினேன், சாவி கொடுத்தேன்.

சத்தம் பாதியாகிவிட்டது.
கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்
பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.
ஓட்டுக்கு மேல் காற்று தாறுமாறாக அடிக்க
மூன்று தலைகளும் குழலுக்குள் போகப் பார்த்தன.
பிரகாசியின் தலையில் தேங்காயெண்ணெயும் நண்டும் மணத்தன.
விரிசல் வந்தது.
முள் லேசாக விக்கியது, தாண்டியது.

இன்னும் விடியக் காணோமே, என்றாள்.
அவ்வளவுதான்.
இத்தனை நாள் நாங்கள் விடாமல் பிடித்துவைத்திருந்தது இதைத்தான்.
ஆர்மோனியம் இழுத்து முடித்தது.
கொஞ்ச நேரம் மணல் சறுக்கும் ஒலி.
கையைத் தூக்கப் போனேன்.
அப்போது, பாட்டுக்குரல் இல்லாத குரலில்,
பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற அவசரத்தில்:
"நான் திருவாடானை செங்கமலம்."

யாரும் பேசவில்லை.
"வாங்க" என்றான் நம்பு.
கிண்டலாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது கிண்டல் இல்லை.
"திருவாடானையா?
எங்க சித்தி வாக்கப்பட்ட ஊரு" என்றாள் பிரகாசி,
சித்தியிடம் விசாரித்தால் தெரிந்துவிடும் என்பது போல.

முள் மழுங்கிவிட்டது.
நம்பு மறுபடி வெளியே போய்
சட்டைப்பை நிறைய முள்ளோடு வந்தான்,
கட்டைவிரலில் ரத்தம்.
பிரகாசி தன் பையிலிருந்து கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து
ஓரத்து வெள்ளையில் பெயரெழுதி
தட்டின் நடுவில் ஒட்டினாள்.
இப்போதும் அப்படியே இருக்கிறது:
திருவாடானை செங்கமலம்.
அதன் கீழே அச்சில்,
பதினெட்டு டிகிரி மைனஸில் வைக்கவும்.